குரோனோ கிராஸ்: இரண்டாம் பாகமா, வேறொரு உலகமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஜப்பானிய ரோல்-பிளேயிங் கேம்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே ‘குரோனோ கிராஸ்’ பெயரில் வாக்குவாதம் தொடங்கிவிடும். ஒருவர் தலையில் வைத்துக் கொண்டாடுவார், இன்னொருவர் முதல் பாகத்தைக் கெடுத்த பாவி என்பார். நான் இதை நான்கு முறை முடித்திருக்கிறேன். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பாதி வரை கதையின் திருப்பங்களை உடைக்கவில்லை. உடைக்கத் தொடங்கும் இடத்தில் சொல்லிவிடுவேன்.

இது என்ன கேம்? யார் செய்தது?

ஸ்கொயர் நிறுவனம் 1995-இல் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்கு வெளியிட்ட ‘குரோனோ டிரிக்கர்’ கேமின் தொடர்ச்சி. ஜப்பானில் 1999 நவம்பர் 18 அன்று பிளேஸ்டேஷனில், இரண்டு டிஸ்குகளில் வந்தது. வட அமெரிக்காவுக்கு 2000 ஆகஸ்டில் போனது. ஐரோப்பாவில் அப்போது வெளியாகவே இல்லை.

டிரிக்கரை உருவாக்கியவர்களில் ஹிரோனோபு சகாகுச்சி, யூஜி ஹோரி, ஓவியர் அகிரா தோரியாமா மூவரையும் ‘கனவு அணி’ என்று விளம்பரப்படுத்தினார்கள். கிராஸில் ஹோரியும் இல்லை, தோரியாமாவும் இல்லை. டிரிக்கரின் கதையில் பங்களித்த மசாட்டோ காட்டோ இதை எழுதி இயக்கினார். ஹிரோமிச்சி தனகா தயாரித்தார். பாத்திரங்களை வரைந்தவர் நொபுதெரு யூகி. இசை இரண்டிலும் யசுனோரி மிட்சுடா. இந்தப் பெயர்களை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. டிரிக்கர் பலரின் குறும்பும் குதூகலமும் சேர்ந்து சமைத்த விருந்து. கிராஸில் பெரும்பாலும் ஒரே மனிதரின் மனநிலைதான் தெரிகிறது. அதன் பலமும் பலவீனமும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் பாகத்தை ஆடாமல் இதை ஆடலாமா?

ஆடலாம். முதல் இருபது மணி நேரத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை. அதற்குப் பிறகு லாவோஸ், ஷாலா, மன்னர்குலம் என்று பேச்சு போகும்போது திருவிழாவில் வழி தவறிய பிள்ளை மாதிரி நிற்பீர்கள். நேரம் இருந்தால் டிரிக்கரை முதலில் முடியுங்கள். சுமார் இருபத்தைந்து மணி நேரம் போதும்.

தொடக்கம் அருமை என்று எல்லோரும் சொல்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது?

எல் நீடோ என்ற தீவுக்கூட்டம். அதில் ஆர்னி என்ற மீனவக் கிராமம். நாயகன் செர்ஜுக்குப் பதினேழு வயது. பக்கத்து வீட்டு லீனா, கழுத்தணி செய்யக் கொமோடோ டிராகன் செதில் வேண்டும் என்று கேட்கிறாள். பல்லிப் பாறைக்குப் போய்ச் செதில் எடுத்து, ஓபாஸா கடற்கரையில் அவளைச் சந்திக்கிறான். இன்னும் பத்து வருஷம் கழித்து இதெல்லாம் நமக்கு நினைவிருக்குமா என்கிற மாதிரி அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். அலைச் சத்தம். திடீரென்று யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். திரை மங்குகிறது.

கண் விழித்தால் அதே கடற்கரை, ஆனால் லீனா இல்லை. ஊருக்குத் திரும்பினால் அதே குடிசைகள், அதே துறை. ஆனால் ஒருவருக்கும் இவனைத் தெரியவில்லை. லீனா குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளிடம் போய்ப் பேசினால், யாரோ புதியவனிடம் பேசுவது போலப் பேசுகிறாள். செர்ஜா? அவன் பத்து வருஷத்துக்கு முன்பே கடலில் மூழ்கிச் செத்துவிட்டானே என்கிறாள். மேட்டுக்கு ஏறிப் போனால் கடலைப் பார்த்தபடி ஒரு கல்லறை நிற்கிறது. அதில் இருக்கும் பெயர் உங்களுடையது.

இந்த ஒரு மணி நேரத்துக்குள் சண்டை மிகக் குறைவு. உலகத்தைக் காப்பாற்று என்று யாரும் கட்டளையிடவில்லை. ‘நீ இல்லாமலும் இந்த ஊர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று ஒரு கேம் நம் முகத்துக்கு நேரே சொல்லி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. டிரிக்கரில் காலத்தின் முன்னும் பின்னும் பயணம் செய்தோம். இங்கே பயணம் பக்கவாட்டில்: செர்ஜ் பிழைத்த உலகம் ஒன்று, அவன் செத்த உலகம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே போய்வருவதுதான் விளையாட்டு. ஒரே மனிதர் ஒரு பக்கம் தளபதியாக இருப்பார், மறுபக்கம் தோற்றுப்போய் ஒடுங்கிக் கிடப்பார். அவரவருக்கு எங்கே வழி பிரிந்தது என்று தேடத் தொடங்கினால் நேரம் போவதே தெரியாது.

சண்டை முறை ஏன் இவ்வளவு குழப்பமாகத் தெரிகிறது?

சொல்லித் தரும் விதம் சரியில்லை, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் கணக்கு எளிது.

ஒவ்வொருவருக்கும் 7 ஸ்டாமினா, அதாவது அடிக்கச் செலவாகும் தெம்பு. லேசான அடிக்கு 1, நடுத்தர அடிக்கு 2, பலமான அடிக்கு 3. லேசான அடி படும் வாய்ப்பு அதிகம். அது பட்டால் அடுத்த அடி படும் சதவீதமும் ஏறும். ஆகவே லேசில் தொடங்கிப் பலத்தில் முடிக்க வேண்டும். அடிகள் படப்பட எலிமென்ட் போடும் நிலையும் உயரும். மந்திரம், மருந்து எல்லாவற்றுக்கும் இங்கே எலிமென்ட் என்றுதான் பெயர். ஓர் எலிமென்ட் போட 7 ஸ்டாமினா செலவாகும். ஆனால் கையில் 1 இருந்தாலே போட்டுவிடலாம். மீதி கடனாக நிற்கும். மற்றவர்கள் அடிக்க அடிக்க உங்கள் ஸ்டாமினா மெல்ல ஏறும். எனவே 1, 2, 3 என்று மூன்று அடி, மீதமிருக்கும் 1-ஐ வைத்து ஓர் எலிமென்ட். இதைப் பழகிக்கொண்டால் பாதிச் சண்டை உங்கள் கையில்.

அடுத்தது நிறம். வெள்ளைக்குக் கறுப்பு எதிரி, சிவப்புக்கு நீலம், பச்சைக்கு மஞ்சள். கடைசியாகப் போட்ட மூன்று எலிமென்டுகளின் நிறம் திரையின் மூலையில் நிற்கும். மூன்றும் ஒரே நிறமானால் அந்த நிறத்தின் பலம் கூடும், பெரிய அழைப்பு மந்திரங்களையும் அப்போதுதான் போட முடியும். எதிரி போடும் எலிமென்டும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால் களத்துக்காக ஓர் இழுபறி நடந்துகொண்டே இருக்கும். நன்றாக யோசித்துச் செய்த அமைப்பு. ஆனால் சாதாரணச் சண்டையில் இதற்கு அவசியமே வராது. கதையின் பெரும்பகுதி அடித்தே கடந்துவிடக்கூடிய அளவுக்கு எளிது. இவ்வளவு நல்ல கருவியைச் செய்துவிட்டு அதற்கேற்ற எதிரிகளைக் கொடுக்காமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தம்.

லெவல் ஏற்ற அலைய வேண்டுமா?

வேண்டாம், அதுதான் இதன் பெரிய வரம். அனுபவப் புள்ளிகளே கிடையாது. பாஸை, அதாவது ஒரு கட்டத்தின் பெரிய எதிரியை, வீழ்த்தினால் ஒரு நட்சத்திரம் கிடைக்கும், அதோடு எல்லோரும் வளர்வார்கள். அடுத்த சில சாதாரணச் சண்டைகளில் கொஞ்சம் கூடும், பிறகு நின்றுவிடும். எதிரிகள் வரைபடத்தில் கண்ணுக்குத் தெரிவார்கள், வேண்டாமென்றால் சுற்றிப் போகலாம். பாஸ் சண்டையிலிருந்துகூட ஓடிவந்து, எலிமென்டுகளை மாற்றிக்கொண்டு திரும்பப் போகலாம். சண்டை முடிந்ததும் பயன்படுத்தாமல் விட்ட குணமாக்கும் எலிமென்டுகளைக் கொண்டு ஒரே பொத்தானில் காயம் ஆற்றலாம். 1999-இல் இப்படி ஆடுபவரின் நேரத்துக்கு மரியாதை கொடுத்த கேம்கள் குறைவு.

இசையைப் பற்றி?

தனியாகக் கேட்டாலும் நிற்கும் இசை. தொடக்கப் பாடலான ‘காலத்தின் வடு’ கிதாரும் குழலுமாக மெதுவாகத் தொடங்கி, ஒரு கணம் மூச்சை நிறுத்தி, தாளத்தோடு வயலின் பாயும்போது திரையில் கடல் விரியும். இருபத்தைந்து வருஷமாக அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

இன்னும் முக்கியமானது வேறொன்று. ஆர்னிக்கு இரண்டு இசை, டெர்மினா நகருக்கு இரண்டு இசை, உலக வரைபடத்துக்கும் இரண்டு. நீங்கள் எந்த உலகத்தில் நிற்கிறீர்கள் என்று முதலில் காதுதான் சொல்லும். ஓர் உலகத்து டெர்மினாவில் திருவிழாக் களை. இன்னோர் உலகத்தில் போர்ரே என்ற அயல்நாட்டுப் படை நகரைப் பிடித்து வைத்திருக்கிறது, இசையும் அடங்கிப் போயிருக்கும். டிரிக்கரின் மெட்டுகள் அங்கங்கே தலைகாட்டும், அதுவும் பழைய நண்பரின் குரல் பக்கத்து அறையில் கேட்பது போல அளவாக. குறை ஒன்றுண்டு: அடிக்கடி கேட்கும் சாதாரணச் சண்டையின் இசை. தாளம் தடுமாறி, காதைக் குத்தும். இவ்வளவு பெரிய இசைத்தொகுப்பில் மிக அதிகமாக ஒலிப்பதே மிகச் சுமாராக அமைந்துவிட்டது.

இன்று ஆட வேண்டுமென்றால் எந்தப் பதிப்பு?

2022 ஏப்ரல் 7 அன்று ரீமாஸ்டர் வந்தது: ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்டீம். வெளியானபோது ஃப்ரேம் ரேட், அதாவது காட்சி ஓடும் வேகம், படுமோசம். பழைய பிளேஸ்டேஷன் பதிப்பே அவ்வப்போது திணறும். அதை இருபது வருஷம் கழித்தும் சரிசெய்யாமல் விற்றது நியாயமே இல்லை. 2023 பிப்ரவரியில் வந்த பேட்ச் அதைப் பெருமளவு சரிசெய்தது. இப்போது தயங்காமல் வாங்கலாம். வேகமாக ஓட்டும் வசதியும் எதிரிகளைத் தவிர்க்கும் வசதியும் உண்டு. பின்னணிகளைப் புதிய தோற்றத்தில் பார்த்தால் கையால் தீட்டிய நயம் கொஞ்சம் மழுங்கித் தெரியும். பழைய தோற்றத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

இதோடு ‘ராடிக்கல் டிரீமர்ஸ்’ என்ற சிறிய உரைக் கேமும் சேர்ந்து வருகிறது. 1996-இல் ஜப்பானில் செயற்கைக்கோள் வழியாக மட்டும் ஒளிபரப்பானது அது. செர்ஜ், கிட், மேஜில் மூவரும் வைப்பர் மாளிகைக்குள் இரவில் திருடப் போகும் கதை. கிராஸின் விதை அதுதான். காட்டோ அங்கே பாதியில் விட்டதை இங்கே முடிக்கப் பார்த்தார்.

*இனிமேல் கதை உடையும். ஆடாதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள்.*

கிட்டைக் காப்பாற்றப் போவதா, வேண்டாமா?

வைப்பர் மாளிகையில் எதிரி லிங்க்ஸின் கத்தி, செர்ஜோடு வந்த கிட் என்ற பெண்ணைக் குத்துகிறது. அதில் ஹைட்ரா நஞ்சு. மாற்று மருந்தும் ஹைட்ராவிடம்தான் இருக்கிறது, ஆனால் இந்த உலகத்தில் அந்த இனமே அழிந்துவிட்டது. மற்ற உலகத்துச் சதுப்பில் போய்க் கொல்ல வேண்டும். போகிறாயா என்று கேம் கேட்கிறது.

நான் முதல் முறை யோசிக்காமல் போனேன். நண்பியைக் காப்பாற்றுவதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிறகு நீர் டிராகன் தீவுக்குப் போனால், சதுப்பை இழந்த குள்ளர்கள் அங்கே படையெடுத்து வந்து தேவதைகளை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் இருப்பிடத்தை நாசமாக்கியது மனிதர்கள்தானே என்கிறார்கள். அவர்களை விரட்டியடித்த பிறகும் தேவதைகள் நன்றி சொல்வதில்லை, ஏசுகிறார்கள். நல்லதைத்தான் செய்தேன், அதற்கான விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். இந்தக் கேம் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்வது அதைத்தான், ஆனால் இந்தத் தீவில் சொன்ன அளவுக்குத் தெளிவாக வேறெங்கும் சொல்லவில்லை.

போகாவிட்டாலும் கிட் பிழைத்துக்கொள்வாள். போகாதவருக்குத்தான் க்ளென் என்ற வாள்வீரர் அணியில் சேர்வார். செர்ஜும் க்ளென்னும் சேர்ந்து போடும் எக்ஸ்-ஸ்ட்ரைக், டிரிக்கரில் க்ரோனோவும் தவளை வீரரும் போட்ட அதே அடி. முதல் முறை மனசாட்சிப்படி ஆடுங்கள். இரண்டாம் முறை க்ளென்னுக்காகப் போகாமல் விடுங்கள்.

45 கேரக்டர்கள் வரமா, சாபமா?

சாபம். இந்தக் கேமை உயிராக நேசிக்கும் நானே இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டிரிக்கரில் ஏழு பேர், ஏழு பேருக்கும் கதை. இங்கே 45 பேர். அதில் ஒரு காளான் மனிதன், ஒரு காய்கறி உருவம், எலும்புகளைத் தேடித் தேடிச் சேர்த்தால் எழுந்து வரும் ஒரு கோமாளி, முதல் ஊரிலேயே எலும்புத்துண்டு காட்டினால் கூட வந்துவிடும் இளஞ்சிவப்பு நாய். சேரும் கணத்தில் ஒவ்வொருவரும் சுவாரசியமாகத்தான் இருக்கிறார்கள். சேர்ந்த பிறகு பேச்சு நின்றுவிடும்.

காரணம் தொழில்நுட்பம். முக்கியமான காட்சிகளில் அணியில் யார் இருந்தாலும் ஒரே வசனம். பேசுபவரின் வழக்குக்கு ஏற்ப அதை ஒரு நிரல் மாற்றித் தரும். ஆங்கிலப் பதிப்பில் ரிச்சர்ட் ஹனிவுட் குழு இதற்கென்றே ஓர் அமைப்பைச் செய்தது. சாமர்த்தியமான வேலைதான். ஆனால் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்திலும் துக்கம் சொல்ல வேண்டிய இடத்திலும் ஒரே வாக்கியம் உச்சரிப்பு மட்டும் மாறி வந்தால், அதைச் சொல்வது அந்தப் பாத்திரம் இல்லை என்பது தெரிந்துவிடுகிறது. 45 பேர் இருந்தும் சேர்ந்து போடும் அடிகள் சொற்பம். அணியில் ஓர் ஆளை மாற்றினால், ஒருவரின் எலிமென்டுகளைக் கழற்றி இன்னொருவருக்கு ஒவ்வொன்றாகப் பூட்ட வேண்டும். அதனாலேயே கடைசிவரை அதே மூவரோடு சுற்றியவர்கள் ஏராளம்.

இதற்குக் கொடுத்த பெரிய விலை கைல். முகமூடி அணிந்த அந்த மாயவித்தைக்காரர் முதலில் டிரிக்கரின் மந்திரவாதி மேகஸாக எழுதப்படவிருந்தவர். இத்தனை பேருக்கு நடுவே அந்தக் கதையைச் சரியாகச் சொல்ல முடியாது என்று அதைக் கைவிட்டார்கள். தன் அக்கா ஷாலாவைத் தேடி அலைந்த மேகஸ், ஷாலாவின் மறுவடிவமான கிட்டின் பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டியவர். அந்தக் காட்சி நமக்குக் கிடைக்கவே இல்லை.

பழைய நாயகர்களை ஏன் இப்படிச் செய்தார்கள்?

அதிகம் கோபப்படுத்திய விஷயம் இதுதான். டிரிக்கரின் நிகழ்காலம் கி.பி. 1000. கிராஸ் நடப்பது 1020. இடையில் 1005-இல் கார்டியா ராஜ்யம் போர்ரேவிடம் வீழ்ந்துவிட்டது. க்ரோனோவும் மார்லும் என்ன ஆனார்கள் என்று நேரடியாகச் சொல்லப்படுவதில்லை. லக்கா அநாதை இல்லம் நடத்தினாள், அதுவும் எரிகிறது. ரோபோவின் மிச்சம், எதிர்காலத்து ஆய்வு நகரமான குரோனோபொலிஸில் சில வரிகள் பேசிவிட்டு அழிக்கப்படுகிறது.

நாம் கைபிடித்து வளர்த்தவர்களை இப்படி முடிப்பது கொடுமை என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் வலித்தது. ஆனால் டிரிக்கரில் நாம் என்ன செய்தோம்? எதிர்காலம் பிடிக்கவில்லை என்று வரலாற்றை மாற்றினோம். மாறியதால் பிறக்காமலே போன காலம் ஒன்று இருக்குமே, அந்த மக்கள் எங்கே? முதல் பாகம் அதைக் கேட்கவில்லை. இரண்டாம் பாகம் கேட்டது. வெற்றியைத் திரும்பக் கொண்டாடாமல், அதன் கணக்கைப் பார்த்த தொடர்ச்சி என்பதால்தான் இதை நான் மதிக்கிறேன். குறை வேறு இடத்தில்: அந்தக் கணக்கைத் திரைக்கு வெளியே முடித்துவிட்டு முடிவை மட்டும் நமக்குச் சொல்கிறார்கள். கார்டியா வீழ்ந்ததை நம் கண்ணால் பார்த்திருந்தால் இந்தக் கோபம் துக்கமாக மாறியிருக்கும்.

அதைக் கண்ணால் காட்டும் இடம் எதுவுமே இல்லையா?

ஒன்று இருக்கிறது, சாக்கடல். அலைகள் எழுந்த நிலையிலேயே உறைந்து நிற்கும் கடல். அதற்கு நடுவே டிரிக்கரில் நாம் வராமல் தடுத்த அதே பாழடைந்த எதிர்காலம், இடிபாடுகளாக. உள்ளே ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். மிகெல், லீனாவின் அப்பா. செர்ஜுக்கு மூன்று வயதில் சிறுத்தை கடித்தபோது, அவனுக்கு மருத்துவம் பார்க்க அவன் அப்பா வாசுகியோடு படகில் போனவர், புயலில் திரும்பாதவர்.

செர்ஜ் பிழைத்ததால்தான் இந்த எதிர்காலத்துக்கு இங்கே இடம் கிடைத்தது என்கிறார். பிறகு சண்டை. வழக்கமான பாஸ் இசை வராது. அவர் பேசும்போது ஒலித்த அந்தச் சோக மெட்டே சண்டையிலும் தொடரும். நான் முதல் முறை ஆடியபோது, மெனுவைத் திறந்து வைத்துக்கொண்டு அடிக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். கடற்கரையில் செதில் கேட்ட பெண்ணின் அப்பா இவர்.

கதை ஏன் கடைசியில் பிடிபடாமல் போகிறது?

கால்வாசிக் கதையைக் கடைசி சில மணி நேரத்தில் கொட்டியதால். டிராகோனியா கோட்டையில் செர்ஜும் லிங்க்ஸும் உடல் மாறும் வரை கதை கச்சிதம். எதிரியின் உடலில் சிக்கி, தன் முகத்தோடு தன் நண்பர்களைத் தாக்கும் ஒருவனைப் பார்த்துக்கொண்டு நிற்பது அருமையான திருப்பம். அதன் பிறகு ஃபேட் என்ற கணினி, காலத்தில் பின்னால் எறியப்பட்ட குரோனோபொலிஸ், வேறொரு பரிணாமத்தில் டிராகோனியர்கள் வாழ்ந்த டைனோபொலிஸ், ஷாலா, ஞானி பெல்தசாரின் திட்டம் என்று ஒன்றன் மேல் ஒன்று. இவற்றில் பெரும்பகுதி நடப்பதில்லை, சொல்லப்படுகிறது. கடைசிச் சண்டைக்குச் சற்று முன் ஓபாஸா கடற்கரையில் மூன்று குழந்தை ஆவிகள் நின்று பக்கம் பக்கமாக விளக்குகின்றன.

சுருக்கமாக இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: டிரிக்கரின் பெரிய எதிரி லாவோஸோடு சேர்ந்து விழுங்கப்பட்ட ஷாலா, கடலோரம் அழும் குழந்தை செர்ஜின் குரலைக் கேட்டு அவனை எட்டிப் பார்க்க முயன்றாள். அதிலிருந்து புயல், புயலால் குரோனோபொலிஸ், அதனால் ஃபேட் அவனைக் கொல்ல எடுத்த முயற்சி, அதனால் இரண்டு உலகங்கள். லிங்க்ஸ் வேறு யாருமில்லை, வாசுகிதான். மகன் எதைக் கண்டு நடுங்கினானோ அந்தச் சிறுத்தை உருவை ஃபேட் அப்பாவுக்கே கொடுத்தது.

கடைசி பாஸை அடித்துக் கொன்றேன், ஒன்றுமே நடக்காமல் பெயர்கள் ஓடின. ஏன்?

அடித்துக் கொல்லக் கூடாது என்பதால். குரோனோ கிராஸ் என்ற எலிமென்டை முன்பே பெற்றுக்கொண்டு, மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளை என்ற வரிசையில் எலிமென்டுகளைப் போட்டு, முடிவில் அதைப் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம் ஒலிக்கும். வரிசை சரியாக அமைந்தால் அது ஒரு மெட்டு. எதிரி நடுவில் எலிமென்ட் போட்டால் வரிசை கலையும், திரும்பத் தொடங்குங்கள். முடிந்தவரை லேசான எலிமென்டுகளையே எடுத்துப் போங்கள், பாடி முடிப்பதற்குள் பாஸ் செத்துவிடக் கூடாது.

சண்டையைப் பாட்டால் முடிப்பது அழகான எண்ணம். ஆனால் குறிப்பை ஒளித்து வைத்த விதம் அநியாயம். டெர்ரா கோபுரத்து டிராகன் கடவுள் அதே வரிசையில் நிறம் மாறும். அதைச் சண்டைக்கு நடுவே கவனித்து, மனதில் வைத்து, கடைசியில் பொருத்திப் பார்க்க எத்தனை பேரால் முடியும்? நாற்பது மணி நேரம் ஆடியவருக்குப் பாதிப் பேர் தவறவிடும் முடிவைக் கொடுக்கக் கூடாது.

முடிவில் நிஜப் பெண் ஒருத்தி வருகிறாளே, அது என்ன?

சரியாகப் பாடி முடித்தால் ஷாலா விடுபடுவாள், உலகங்கள் ஒன்றாகும், செர்ஜ் ஓபாஸா கடற்கரையில் லீனாவின் பக்கத்தில் கண் விழிப்பான், எதுவும் நினைவில்லாமல். அதன் பிறகு நொரிகோ மிட்டோசே பாடும் பாடல். கிதார் ஒன்று மட்டும் கூட வரும். திரையில் படமாக எடுத்த காட்சிகள்: இன்றைய நகரத் தெருக்களில், கூட்டத்துக்கு நடுவே, முகம் முழுதாகத் தெரியாத ஒரு பெண் யாரையோ தேடிக்கொண்டு நடக்கிறாள். கிட்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். செர்ஜைத் தேடுகிறாள் என்பார்கள் சிலர். அந்தத் தெருக்களில் கடல் இல்லை, தீவு இல்லை, ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கும் நாம்தான் இருக்கிறோம். அவள் தேடுவது நம்மைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.